சம்பங்கி வாங்கிய மாடு

சம்பங்கிக்குச் சிரிப்பு வரக்கூடாத இடத்தில்தான் வரும். அவள் கழுத்தில் தாலி ஏறவிருந்த நேரத்தில் ஐயர் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். அதையே கெட்டிமேளத்துக்கான உத்தரவு என்று எடுத்துக்கொண்டு மேளக்காரர் வெளுத்து வாங்கினார். மணப்பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மாப்பிள்ளையின் கை தடுமாறி, முதல் முடிச்சு அவள் கூந்தலில் விழுந்தது. மாமனாரின் காரியத்தன்று, படைத்த சோற்றைத் தொடாமல் காக்கை ஒன்று பங்காளி ஒருவரின் சுருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது ஊரே வாயடைத்து நின்றது. இவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினாள்.

அவள் பயந்தாலும் சிரிப்பாள் என்பது வெகுபேருக்குத் தெரியாது. ஆற்றில் வெள்ளம் வந்து எருமைக் கன்றை இழுத்துப்போன அன்று, கழுத்தளவு தண்ணீரில் அதன் காதைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பைக் கரையில் நின்றவர்கள் கேட்டார்கள். அவளுக்கு என்ன துணிச்சல் என்று பேசிக்கொண்டார்கள். துணிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்குக் கைகால் நடுங்கினால் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிடும், அவ்வளவுதான்.

பிறந்தது தளிப் பக்கம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் புழங்கும். வாக்கப்பட்டது தாய்மாமன் கரியப்பனுக்கு, குந்தாரப்பள்ளியில். அவன் வாரச்சந்தையில் மாட்டுத் தரகன். கிருஷ்ணகிரியில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது; கல் இழுக்கவும் மண் சுமக்கவும் வண்டிமாடு என்றால் பறந்தார்கள். எந்த மாடானாலும் கரியப்பன் வந்து வாயைப் பிளந்து பல் பார்த்துச் சொன்னால்தான் வாங்குகிறவனுக்கு மனசு ஆறும். வாயோரத்தில் கட்டைவிரலைக் கொடுத்து ஒரு திருப்பு. முரட்டுக் காளைகூட அவனிடம் வாயைக் காட்டிவிட்டு அப்புறம்தான் யோசிக்கும்.

தன் வாயை மட்டும் அவன் யாருக்கும் காட்டியதில்லை. அதில் எந்நேரமும் வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை. இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்கு அதக்கிவைத்திருப்பான். பேசும்போதும் எடுக்கமாட்டான், தூங்கும்போதும் எடுக்கமாட்டான். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவன் முகமே ஒரு பக்கம் வீங்கியது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மாமரம் பூத்த நேரத்தில் சம்பங்கி ஒன்றைக் கவனித்தாள். களிக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிற மனுஷன், சாற்றை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

"என்னாடி இது, மிளகா மண்டியையே கொட்டிட்டயா?"

"எப்பவும் போடறதுதான், மாமா."

மறுநாள் பாதி மிளகாய் போட்டாள். அதற்கும் சுளித்தான். அதற்கடுத்து மிளகாயே போடாமல் பருப்பை மட்டும் கடைந்து ஊற்றினாள். உப்பு பட்டதற்கே கண்ணில் தண்ணீர் வந்தது. களியை முன்பெல்லாம் கோழிமுட்டை அளவுக்கு உருட்டி விழுங்குவான்; இப்போது சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினான். வாய் அதற்குமேல் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாதம்மாளும் இப்படித்தான் முதலில் காரம் ஆகாதென்று சொன்னாள். பிறகு கன்னத்தில் புண் என்றாள். மஞ்சள் வைத்தாள், வேப்பிலை வைத்தாள், முனியப்பனுக்குக் காசு முடிந்துவைத்தாள். கடைசியில் கன்னம் ஓட்டையாகி, ஊட்டிய கஞ்சி வெளியே வழிந்தது. அதைத் துடைத்துத் துடைத்து எடுத்தவள் சம்பங்கி. அந்தத் துணியைத் துவைத்த கை அவளுடையது. அதனால் கரியப்பன் உப்புக்குக் கண் கலங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாத சிரிப்பு.

"மாமா, கொஞ்சம் வாயைத் திற, பாக்கறேன்" என்றாள், சிரித்துக்கொண்டே.

"ஏன், நான் என்னா விக்கறதுக்கா நிக்கறேன்?" என்று அவனும் சிரித்தான். "மாடுதாண்டி வாயைத் திறக்கும். வாயைப் பாத்தா வெலை கேக்கணும். அது சந்தை மொறை."

சிரித்துக்கொண்டே கேட்டால் யார் நம்புவார்கள். அவள் நாலைந்து தரம் கேட்டுப்பார்த்தாள். அவனுக்கு அது நல்ல விளையாட்டாகப் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் அவன் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கினான். சம்பங்கி உள்ளே ஓடிப்போய் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துவந்து, வெயிலைப் பிடித்து அவன் வாய்க்குள் விட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்ததில் கண்ணாடி ஆடிற்று; வெளிச்சம் மூக்கில் ஏறிக் கண்ணில் விழுந்தது. "போர் பத்திக்கிச்சு, போர் பத்திக்கிச்சு" என்று கரியப்பன் துள்ளி எழுந்து, எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வைக்கோல் போர்ப் பக்கம் ஓடினான். அக்கம்பக்கத்தார் குடத்தோடு வந்துவிட்டார்கள். அன்று முழுவதும் ஊர் சிரித்தது. ஆனால் அந்த ஒரு கணத்தில் அவள் பார்த்துவிட்டாள். புகையிலை அதக்குகிற இடத்தில், பாலாடை ஒட்டியதுபோல வெள்ளையாக ஒரு திட்டு.

இரண்டு சந்தை கழித்து, மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் ஒன்று சந்தைக்குள் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் ஜெபமணி என்கிற நர்ஸும் இறங்கினார்கள். ஒரு மேசை, ஒரு ஸ்டூல், டார்ச் லைட், காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, நாக்கை அமுக்க மரத் தகடுகள். புகையிலை போடுகிறவர்களின் வாயைக் காசில்லாமல் பார்ப்பதாக ஜெபமணி சொன்னாள். தமிழில் "வாயைத் திறங்க" என்றாள், தெலுங்கில் "நோரு தெரவண்டி" என்றாள், கன்னடத்தில் "பாயி தெகீரி" என்றாள். மூன்று பாஷையிலும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

தப்பு அவள்மேலும் கொஞ்சம் உண்டு. நிழல் நன்றாக இருக்கிறதென்று அவள் மேசை போட்ட இடம், தரகர்கள் மாட்டுக்குப் பல் பார்க்கிற புளியமரத்தடி. அங்கே வாய் திறந்தால் விலைக்கு நிற்பதாக அர்த்தம். சந்தைக்காரர்களுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேண்டுமா?

"சிஸ்டரு, ரெண்டு பல்லு போனா வெலை கொறைப்பீங்களா?"

"எம் மச்சானைப் பாருங்க. கடைப்பல்லு தேஞ்சிருச்சு, ஆனா தீனி கொறையலை."

கூத்துக்குத் தலைவன் கரியப்பன்தான். "வாயை மட்டும் பாத்தா எப்படிம்மா? சுழி பாக்கணும், நடை விட்டுப் பாக்கணும். தொழில் தெரியாத ஆளை அனுப்பிச்சிருக்காங்க" என்று அவன் சொல்ல, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஜெபமணியும் சிரித்துவிட்டாள். ஆனால் மேசையை நகர்த்தவில்லை.

கூட்டம் கலைந்ததும் சம்பங்கி அவளிடம் போனாள். "ஏங்க சிஸ்டரு, வெள்ளையா ஒரு திட்டு இருந்தா என்னா?"

"துடைச்சாப் போகுதா?"

"துடைக்க விட்டாத்தானே."

"காரம் எரியுதா? வாய் முழுசாத் திறக்க முடியலையா?"

சம்பங்கி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆட்ட ஆட்டச் சிரிப்பு கிளம்பியது. ஜெபமணி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். கை ஐஸாக இருந்தது. அதற்குப்பிறகு அவள் சிரிப்பை ஜெபமணி பொருட்படுத்தவில்லை.

"அது எல்லாருக்கும் புத்துநோயா மாறும்னு இல்லைக்கா. சிலருக்கு மாறும். யாருக்குன்னு வெளியிலிருந்து பாத்துச் சொல்ல முடியாது. அதனாலதான் பாக்கணும்ங்கறோம்."

"மாதம்மான்னு ஒருத்தி இருந்தா. அவளை அப்பவே கூட்டியாந்திருந்தா?"

"உறுதியாச் சொல்லமாட்டேன். சின்னதா இருக்கறப்ப வந்தா டாக்டரம்மா ஏதாவது செய்வாங்க. பெருசானப்புறம் வந்தா, பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கத்தான் முடியும். உங்க வீட்டுக்காரரை இழுத்துட்டு வாங்க."

"இழுத்தா வர்ற மாடு இல்லீங்க அது" என்றாள் சம்பங்கி. சொன்னதும் அவளுக்கு ஒன்று தோன்றியது.

குந்தாரப்பள்ளியில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டை விரித்து, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்தால் உள்ளங்கையை அழுத்தவேண்டும். அழுத்திவிட்டால் முடிந்தது, பின்வாங்கக்கூடாது. அன்று காலையில்தான் எல்லப்பன் என்கிற வியாபாரி கை அழுத்திவிட்டு மனசு மாறினான். "துண்டுக்குள்ள விட்ட கை, கோயில்ல அடிச்ச சத்தியம். மாட்டை ஓட்டிக்குடு" என்று கரியப்பன் எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொல்லி, கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கி, மாட்டை வாங்கியவனிடம் கொடுத்தான். எல்லப்பன் இன்னும் உர்ரென்று ஒரு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றான்.

சம்பங்கி தரகர்கள் நடுவே போய் நின்றாள். பொம்பிளை வந்து நிற்கிற இடம் அல்ல அது. 

"மாமா, இந்தச் சந்தையில ஒரு உருப்படி மேல எனக்குக் கண்ணு. நீதான் தரகு, நீதான் வெலை சொல்லணும்."

"எந்த உருப்படி?"

"இப்பவே காட்டிக் குடுத்தா ஏத்திருவாங்கல்ல? வெலை படியட்டும், சொல்றேன். வயசு கொஞ்சம் ஆயிருச்சு. கொம்பு பெருசு. தீனி ஜாஸ்தி. ஆனா நடை நல்லா இருக்குது."

வாங்குகிறவன் கண் வைத்த மாட்டை முதலில் காட்டமாட்டான். அதுவும் சந்தை முறைதான். கரியப்பனுக்குக் குஷி பிறந்துவிட்டது. தரகன் பெண்டாட்டி தரகு கற்றுக்கொண்டாள் பார் என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை உதறி இருவர் கைமேலும் போட்டான். துண்டு குதித்தது, நெளிந்தது, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அவன் ஒரு விரலைக் கொடுத்தால் அவள் பாதி விரலை மடக்கினாள். அவன் உள்ளங்கையைச் சுரண்டினான்; அவள் கிள்ளினாள். "அடேங்கப்பா, என்னைவிட மோசமான ஆளு" என்று அவன் கண்ணைச் சுருக்கி, கடைசியில் அழுத்தினான். கூட்டம் கைதட்டியது.

"இப்பச் சொல்லு, எந்த மாடு?"

சம்பங்கி அந்தத் துண்டை எடுத்து, அவன் கழுத்தில் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"இந்த மாடு" என்றாள்.

புளியமரத்துக் காக்கைகள் பறந்துபோகும் அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. யாரோ "ஹை, ஹை" என்று அதட்டினார்கள். யாரோ சுழி சரியில்லை என்றார்கள். கரியப்பன் "ஏய், இது செல்லாது, செல்லாது" என்று துண்டை உருவப் பார்த்தான். அப்போதுதான் எல்லப்பன் சக்கரத்தைவிட்டு நகர்ந்து வந்தான். இவ்வளவு சந்தோஷமாக அவனை யாரும் பார்த்ததில்லை.

"கரியண்ணா, காலையில என்னா சொன்னே? துண்டுக்குள்ள விட்ட கை என்னா? நாலு பேர் கேட்டாங்க. ஓட்டிக்குடுக்கணும்ல?"

"டேய் எல்லப்பா, உன் வேலையைப் பாரு."

"மொறைன்னா எல்லாருக்கும் மொறைதான். யக்கா, பல் பாக்காம ஓட்டிட்டுப் போயிராதே. அப்புறம் ஏமாந்துட்டேன்னு எங்ககிட்ட வரக்கூடாது."

"அதுக்குத்தானே பல் பாக்கறவங்க வந்திருக்காங்க" என்றாள் சம்பங்கி, ஜெபமணியின் மேசையைக் காட்டி.

கரியப்பன் எப்படிப்பட்ட ஆளானாலும் சந்தையில் சொன்ன சொல்லை விழுங்குகிறவன் இல்லை. காலையில் போட்ட தீர்ப்பு மாலையில் பொய்யானால் நாளைக்கு எவன் அவனை நம்பி மாட்டை அவிழ்ப்பான்? சம்பங்கி முன்னால் நடக்க, கழுத்தில் துண்டோடு பின்னால் நடந்தான். இரண்டு பக்கமும் ஜனம். ஸ்டூலில் உட்கார்ந்து, அதக்கியிருந்ததைத் துப்பி, வாய் கொப்பளித்து, திறந்தான். திறக்க முடிந்த அளவுக்குத் திறந்தான்.

"எத்தனை பல்லு சிஸ்டரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

ஜெபமணி டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பிறகு திரும்பி, மெதுவாக, டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அந்தக் கூப்பிட்ட விதத்தில் முன்வரிசை அடங்கியது. பின்வரிசை தானாக அடங்கியது. டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். கழுத்தில் இருபுறமும் அமுக்கிப் பார்த்தார்.

"வெள்ளைக்கு நடுவுல சிவப்பா ஒரு சின்னப் புண்ணு இருக்குது. கழுத்துல கட்டி எதுவும் தட்டுப்படலை, நல்லது. இது என்னான்னு பாத்த மாத்திரத்துல சொல்லக்கூடாது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும்."

"கத்தி வெச்சாப் பரவிரும்னு சொல்றாங்களே" என்றான் கரியப்பன்.

"விட்டுவெச்சாத்தான் பரவும். அப்படி விட்டுட்டுக் கடைசியில எங்ககிட்ட வர்றாங்க, நாங்க கத்தி வெக்கறோம். பழி கத்திமேல விழுது."

கரியப்பன் சம்பங்கியைப் பார்த்தான். "வெலை பேசி வாங்கினவ நீ. என்னா பண்ணலாம் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

"எடுக்கட்டும், மாமா."

அவன் டாக்டரம்மாவோடு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துளி சதை கொடுத்துவிட்டு வருவதற்குள் மேசை முன்னால் வரிசை நின்றுவிட்டது. பயமா, வேடிக்கையா, இரண்டும் கலந்ததா, தெரியாது. முதல் ஆள் எல்லப்பன். அவன் வாயில் ஒன்றும் இல்லை, புகையிலையை விட்டுவிடச் சொல்லி அனுப்பினார்கள். தன் வாய் சுத்தம் என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். டாக்டரம்மா சம்பங்கியையும் உட்காரச் சொன்னார். அவள் கடைவாயிலும் ஒரு சிட்டிகைப் புகையிலை இருந்தது. வெட்கத்தோடு திரும்பித் துப்பிவிட்டு வாயைக் காட்டினாள். கறையைத் தவிர ஒன்றுமில்லை.

முடிவு வர நாளாயிற்று. அந்த நாட்களில் கரியப்பன் வெறும் வாயை மென்றுகொண்டு, கன்றுக்குட்டியோடுகூடச் சண்டை போட்டான். கன்னத்துக்கு ஏதாவது வேண்டும் என்று சம்பங்கி ஏலக்காய் கொடுத்தாள், கடலை கொடுத்தாள், ஒருநாள் கூழாங்கல்லைக் கழுவிக் கொடுத்தாள். அவன் அதையும் வாங்கி அதக்கிக்கொண்டான். பிறகு டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்: புற்றுதான். ஆனால் ஆரம்பம், மேலோடு இருக்கிறது, உடனே வெட்டியெடுத்துவிடலாம். பெங்களூருக்குப் போகவேண்டும்.

அறுவை முடிந்து, தைத்து, பஞ்சு வைத்து, பேசக்கூடாது என்று அங்கே உத்தரவு போட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வாயடைத்துச் சம்பங்கி பார்த்ததில்லை. அவள் பேசினாள், பேசினாள், வார்டில் இருந்த தளிக்காரர் ஒருவரிடம் கன்னடத்தில் பேசினாள், தாலி முடிச்சு கூந்தலில் விழுந்த கதையைச் சொன்னாள். அவன் போர்வைக்குள் அவள் கையைப் பிடித்து, விரலாலேயே ஏசினான். வெட்டியதில் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, முழுசும் வந்துவிட்டது என்று பெரிய டாக்டர் வந்து சொன்னபோதும் அந்தக் கையை அவன் விடவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது ஜூஜுவாடியில் பஸ் நின்றது. நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் கடை திறந்திருக்கும். அதனால் எல்லையில் போலீஸ்காரர் ஏறி மூட்டையைப் பார்ப்பார், ஆளையும் மோந்து பார்ப்பார். கரியப்பனிடம் வந்ததும் நின்றார். ஆஸ்பத்திரி மருந்தின் ஸ்பிரிட் வாடை கமகமத்தது.

"வாயை ஊதுய்யா."

கரியப்பன் தலையாட்டினான், முடியாதென்று.

"அப்பத் திற, பாக்கலாம்."

புளியமரத்தடியில் அவ்வளவு பாடுபடுத்திய மனுஷன், பஞ்சை எடுத்துவிட்டு, தையல் தெரியும்படி கன்னத்தைக் கோணி, திறக்கமுடிந்தவரை திறந்து காட்டினான். பக்கத்து இருக்கைக்காரருக்கும் திரும்பிக் காட்டினான். பின்னால் இருந்தவருக்கும் காட்டினான். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"என்னாம்மா இது?"

"புகையிலை வெச்ச இடங்க. வெட்டி எடுத்துட்டாங்க. ஆரம்பத்துல பாத்ததால தப்பிச்சாரு" என்றாள் சம்பங்கி. பிறகு அவர் கன்னத்தைப் பார்த்தாள். "நீங்களும் அந்தப் பக்கமே அதக்கறீங்க போல."

போலீஸ்காரர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போதே வெளியே துப்புகிற சத்தம் கேட்டது. பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் விசில் கொடுக்க மறந்துவிட்டார்.

வெட்டியெடுத்தால் முடிந்துவிடவில்லை, வருஷக்கணக்கில் வந்து காட்டவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கரியப்பன் காட்டினான். ஒவ்வொரு தரமும் அலுத்துக்கொண்டுதான் போனான், போகாமல் மட்டும் இருந்ததில்லை. மூன்றாம் வருஷம், சந்தை நாளில், ஜெபமணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் ஒரு புள்ளி" என்றாள். வலது கன்னம், கடுகளவு. அவனுக்கே தெரியாத புள்ளி.

சம்பங்கி சிரித்தாள். கரியப்பன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான், ஐஸாக இருந்தது. "சும்மா இரு, பாத்துட்டாங்கல்ல" என்றான்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அந்த இடத்தைக் கிள்ளி எடுத்து அனுப்பினார். அது புற்றாகவில்லை என்று பின்னால் தெரிந்தது. கிள்ளி எடுத்த அன்று அவன் கன்னத்தில் பஞ்சோடு மத்தியானமே சந்தைக்குத் திரும்பி, அணைக்கட்டு வண்டிக்காரர்களுக்கு ஒரு ஜோடிக் காளையைப் பேசி முடித்தான். சம்பங்கி வீட்டுக்குப் போகவில்லை. தளியிலிருந்து காய் விற்க வந்த பெண்கள் கூடைகளோடு ஜீப்பைச் சுற்றித் தயங்கி நின்றார்கள். புகையிலையில் கன்னம் புடைத்திருந்த ஒருத்தியின் கூடையை வாங்கி இறக்கிவைத்து, "மொதல்ல அதைத் துப்பு" என்று கன்னடத்தில் சொல்லி, ஸ்டூலில் உட்காரவைத்தாள்.